கீமியாவும் பத்து பவுனும்: இமாம் கஸ்ஸாலி (ரஹ்) சொன்ன இரசவாதம் எது?

அரக்கோணத்தில் ஒரு ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது, ஓர் இளைஞர் நம்மிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். "ஹஜ்ரத், கீமியா என்பது ஆகுமான இல்முதானே? கஸ்ஸாலி இமாமே அதைப் பற்றிக் கிதாபு எழுதியிருக்கிறார்களாமே?"

விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. அவருடைய மாமனார் வீட்டுக்கு ஒருவர் வந்துபோகிறார். செம்பைத் தங்கமாக்கித் தருகிறாராம். பாலுக்கு உறைமோர் போல, தங்கம் விளையக் கொஞ்சம் தங்கம் வேண்டும் என்று பத்து பவுன் நகை கேட்டிருக்கிறார். ஆதாரமாக அவர் சொன்னது 'கீமியாயே ஸஆதத்' என்ற நூலின் பெயரை. கோபுரக் கலசத்தில் இரிடியம், ரைஸ் புல்லிங் என்று ஏமாற்றுகிறவர்களை நாம் செய்தித்தாளில் படிக்கிறோம். இவர் கிதாபோடு வந்திருக்கிறார், அதுதான் வித்தியாசம்.

'அல்-கீமியா' என்ற அரபுச் சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. ஐரோப்பாவுக்குப் போய் 'அல்கெமி' ஆயிற்று. பிறகு 'அல்' உதிர்ந்து 'கெமிஸ்ட்ரி' பிறந்தது. இத்துறையில் பெரிய பெயர், ஹிஜ்ரி 2ஆம் நூற்றாண்டில் கூஃபாவில் வாழ்ந்தவராகச் சொல்லப்படும் ஜாபிர் இப்னு ஹய்யான். அவர் பெயரிலுள்ள ஏராளமான நூல்களை அவர் ஒருவரே எழுதினாரா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அந்நூல்களின் கொள்கை இதுதான்: உலோகங்கள் எல்லாம் பூமிக்குள் பாதரசமும் கந்தகமும் கலந்து உண்டானவை. கலவை சரியாக அமைந்தால் தங்கம். பிசகினால் ஈயம், செம்பு. அப்படியானால் ஈயம் என்பது நோயுற்ற தங்கம். அந்த நோய்க்கான மருந்துக்கு 'அல்-இக்ஸீர்' என்று பெயர்.

நம் தமிழ்நாட்டுச் சித்தர்களும் இதே ரசத்தையும் கந்தகத்தையும்தான் பேசினார்கள். இராமதேவர் என்ற சித்தர் மக்கா சென்று இஸ்லாத்தை ஏற்று யாகோபு ஆனார் என்பது சித்த மரபில் வழங்கும் கதை. வரலாறாக அதை நிறுவ முடியாது. ஆனாலும் இரண்டு மரபுகளும் ஒன்றையொன்று அறிந்திருந்தன என்ற நினைவு அதில் இருக்கிறது.

இந்தத் தேடலால் தங்கம் கிடைக்கவில்லை. வேறு பல கிடைத்தன. கி.பி. 925 வாக்கில் மறைந்த அர்-ராஸீ தமது 'கிதாபுல் அஸ்ரார்' நூலில் உலை, மூசை, வாலை முதலிய கருவிகளையும் பொருள்களின் வகைகளையும் ஒழுங்காக எழுதிவைத்தார். பன்னீரும் அத்தரும் இறக்குவது அந்த வாலையில்தான்.

தொழில் ரகசியம் வெளியே போகக் கூடாது என்பதற்காக அவர்கள் குறியீடுகளில் எழுதினார்கள். சூரியன் என்றால் தங்கம், சந்திரன் வெள்ளி, செவ்வாய் இரும்பு, சனி ஈயம். எகிப்தில் 10ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்னு உமைல், பூஸீர் என்ற ஊரில் மக்கள் 'யூஸுஃப் (அலை) அவர்களின் சிறை' என்று அழைத்த ஒரு பழைய கட்டடத்தில் தாம் கண்டதை எழுதியிருக்கிறார். மேற்கூரையில் சிறகு விரித்த ஒன்பது கழுகுகள். கீழே ஒரு சிலை, அதன் மடியில் ஒரு பலகை. பலகையில் சூரியன், சந்திரன், ஒன்றின் வாலை ஒன்று கவ்விய இரண்டு பறவைகள். ஒன்றுக்கு இறகு உண்டு, மற்றதற்கு இல்லை. இறகுள்ளது, சூடேறினால் ஆவியாகிப் பறந்துவிடும் பொருள். இறகற்றது, நெருப்பில் நிலைத்து நிற்பது. நம் சித்தர்கள் 'ரசத்தைக் கட்டுதல்' என்று சொன்னதும் பறப்பதை நிற்கவைக்கும் அந்த வேலையைத்தான். நிற்காமல் ஓடும் ரசத்தைப் பார்த்தவர்களுக்கு மனித மனம் நினைவுக்கு வராமல் இருக்குமா? ஆன்மிகப் பெரியவர்கள் இந்தப் பேச்சை எடுத்துக்கொண்டது அதனால்தான். கிடைத்தற்கரிய 'சிவப்புக் கந்தகம்' என்ற கீமியாச் சொல் ஷைகு இப்னு அரபி (ரஹ்) அவர்களுக்கே பட்டப்பெயராயிற்று.

ஆனால் உண்மையிலேயே செம்பு தங்கமாகும் என்பதை நம் அறிஞர்களில் பலர் ஏற்கவில்லை. தன்னிடமுள்ள அறிவினால்தான் செல்வம் தரப்பட்டது என்று காரூன் பெருமையடித்ததைக் குர்ஆன் (28:78) கூறுகிறது. அந்த அறிவு கீமியாதான் என்று சிலர் விளக்கம் சொன்னபோது, இமாம் இப்னு கஸீர் (ரஹ்) அதை மறுத்தார்கள். ஒரு பொருளின் மூலத்தையே மாற்றுவது அல்லாஹ்வுக்கு மட்டுமே உரியது என்பது அவர்களின் வாதம். இப்னு ஸீனாவும் இதை மறுத்தவர். நிறம் ஏற்றலாம், இனத்தை மாற்ற முடியாது என்றார். இப்னு கல்தூன் ஒரு படி மேலே போய், கீமியாவை மறுத்த இப்னு ஸீனா வசதியான அமைச்சர், நம்பிய ஃபாராபியோ ஏழை என்று சுட்டிக்காட்டுகிறார். உழைத்துச் சம்பாதிக்க வழியில்லாதவர்கள்தான் இதில் இறங்குகிறார்கள் என்பது அவர் கண்டது.

இன்றைய விஞ்ஞானப்படி தங்க அணுவின் கருவில் 79 புரோட்டான்கள். அடுப்பு நெருப்பும் அமிலமும் அந்தக் கருவைத் தொடவே முடியாது. ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தின் ராட்சத இயந்திரத்தில் ஈய அணுக்கள் தங்கமாக மாறியதை 2025இல் அறிவித்தார்கள். சில ஆண்டுகளில் உண்டான மொத்தத் தங்கம் ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்குகூட இல்லை. அதுவும் அந்தக் கணமே சிதறிப்போயிற்று.

அப்படியானால் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) எழுதியது என்ன? 'கீமியாயே ஸஆதத்' என்றால் 'நற்பேற்றின் இரசவாதம்'. செம்பைப் பொன்னாக்கும் கீமியா அரிது. மனிதனை மிருக குணத்திலிருந்து மலக்குகளின் தூய்மைக்கு உயர்த்தும் கீமியாவும் அதுபோல அரிது, அதன் கருவூலம் நபிமார்களின் உள்ளங்கள் என்று முன்னுரையிலேயே இமாமவர்கள் விளக்கிவிடுகிறார்கள். தன்னை அறிதல், இறைவனை அறிதல், உலகை அறிதல், மறுமையை அறிதல் என்று நூல் தொடங்குகிறது. வணக்கமும் கொடுக்கல் வாங்கலும் வருகின்றன. ஹலாலான சம்பாத்தியம் பற்றியும் விரிவாக உண்டு. செம்பைத் தங்கமாக்கும் செய்முறைதான் எங்குமே இல்லை!

இளைஞருக்கு இன்னொரு கதையும் சொன்னோம். 13ஆம் நூற்றாண்டில் ஜவ்பரி என்பவர் மோசடிக்காரர்களின் தந்திரங்களைத் தொகுத்து எழுதிய நூலில் வருவது. பாரசீகர் ஒருவர் ஆயிரம் தீனார்களை அரத்தால் ராவிப் பொடியாக்கி, கரித்தூளோடு பிசைந்து உருண்டைகளாக்கினார். திமிஷ்கில் ஒரு மருந்துக் கடையில் 'குராஸான் தபர்மக்' என்று பெயர் சொல்லிச் சொற்ப விலைக்கு விற்றார். பிறகு பெரிய மனிதராக உடுத்திக்கொண்டு, தமக்குக் கீமியா தெரியும் என்றார். செய்தி சுல்தான் நூருத்தீன் ஸங்கி வரை போனது. தேவையான சரக்குகளில் தபர்மக் மட்டும் எங்கும் கிடைக்கவில்லை. கடைசியில் அந்தக் கடையில் கிடைத்தது. மூசையில் இட்டு உருக்க, தங்கம் இறங்கியது. இன்னும் தபர்மக் வாங்கிவர சுல்தான் அவரைப் பெரும் செல்வத்துடன் குராஸானுக்கு அனுப்பினார். போனவர் போனவர்தான். ஊரில் ஒரு குறும்பர் ஏமாளிகளின் பட்டியல் எழுதி, முதல் பெயராக சுல்தானைப் போட்டாராம். ஏன் என்று கேட்டதற்கு, "அந்தப் பாரசீகர் திரும்பி வரட்டும், சுல்தான் பெயரை அழித்துவிட்டு அவர் பெயரை எழுதுகிறேன்" என்றாராம்.

இளைஞர் சிரித்துவிட்டார். "ஆனா மாமாகிட்ட இதை நான் எப்படி ஹஜ்ரத் சொல்றது?" என்றார். அன்று இஷாவுக்குப் பிறகு அவரோடு நாமே போனோம். பெரியவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். முகத்தில் முழுச் சம்மதம் இல்லை. கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி மட்டும், பேச்சு முடியும் முன்பே உள்ளே போய் பீரோ சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தார்.