வீட்டில் வாழும் முதியோரின் வாழ்க்கைத் தர அளவீடு

வீட்டில் வாழும் முதியோரின் வாழ்க்கைத் தர அளவீடு என்பது, முதியோர் இல்லங்களில் தங்காமல் வீட்டிலேயே வாழும் மூத்தோர் தம் வாழ்க்கையை எவ்வாறு உணர்கின்றனர் என்பதை வினாத்தாள் மூலம் மதிப்பிடும் முறையாகும். ஒருவர் தம் பண்பாடு, விழுமியங்கள், எதிர்பார்ப்புகள் ஆகியவற்றின் பின்னணியில் தம் வாழ்நிலையைப் பற்றிக் கொண்டுள்ள கருத்தே வாழ்க்கைத் தரம் என உலக சுகாதார அமைப்பு விளக்குகிறது.

செயல்திறனும் வாழ்க்கைத் தரமும்

1963இல் வெளியான காட்ஸ் அளவுகோல், குளித்தல், உடுத்தல், கழிவறை செல்லல், படுக்கையிலிருந்து எழுதல், சிறுநீர் மலக் கட்டுப்பாடு, உண்ணுதல் ஆகிய ஆறும் பிறர் உதவியின்றி இயல்கின்றனவா எனப் பார்க்கிறது. எவ்வளவு உதவி தேவை என்பதை அறிய இது பயன்படும். ஆனால் ஆறையும் தாமே செய்யும் ஒருவர் பேச ஆளின்றி வாடலாம். நடக்க இயலாத ஒருவர் பேரப்பிள்ளைகளுடன் நிறைவாக வாழலாம். செயல்திறனை மட்டும் பார்த்து உதவிகளை முடிவு செய்தால், முன்னவருக்கு எந்தக் குறையும் இல்லை என்றே பதிவாகும்.

முக்கிய அளவுகோல்கள்

• முதியோருக்கான உலக சுகாதார அமைப்பின் வினாத்தாள்: 24 வினாக்கள் கொண்டது. புலன்திறன், தன்னுரிமை, முக்காலச் செயல்கள், சமூகப் பங்கேற்பு, மரணம் பற்றிய எண்ணம், நெருக்கமான உறவு ஆகிய ஆறு கூறுகளுக்கும் தலா நான்கு வினாக்கள் உண்டு. இதற்கு அடிப்படையான பொது வினாத்தாள் உருவான மையங்களுள் சென்னையும் ஒன்று.

• காஸ்ப்-19: 2003இல் பிரிட்டனில் வெளியானது. கட்டுப்பாடு, தன்னுரிமை, தன்னிறைவு, மகிழ்ச்சி ஆகியவற்றை 19 வினாக்களால் அளக்கிறது. மதிப்பெண் 0 முதல் 57 வரை அமையும்.

யாரிடம் கேட்பது?

மறதி நோய் உள்ளவர்களுக்கான 13 வினாக்கள் கொண்ட க்யூஓஎல்-ஏடி அளவுகோலில், முதியவரிடமும் அவரைப் பராமரிப்பவரிடமும் தனித்தனியே கேட்கப்படுகிறது. பராமரிப்பவர் தரும் மதிப்பெண் பெரும்பாலும் முதியவர் தருவதைவிடக் குறைவாகவே இருக்கும். எனவே பதில் சொல்ல இயலும் முதியவருக்குப் பதிலாகப் பிறர் சொல்வதை ஏற்பது பொருந்தாது.

வீட்டில் கேட்கும்போது வேறொரு சிக்கலும் உண்டு. மகனோ மருமகளோ அருகில் இருந்தால், முதியவர் தம் குறைகளை வாய்விட்டுச் சொல்லத் தயங்குவார். ஆகவே தனிமையில் கேட்பதும், எழுத்தறியாதவருக்கு வினாக்களை மாற்றாமல் படித்துக் காட்டுவதும் அவசியம்.

மதிப்பெண்ணைப் படித்தல்

மொத்த மதிப்பெண் மட்டும் போதாது. ஒரே மதிப்பெண் பெற்ற இருவருள் ஒருவருக்குக் காது கேட்கும் கருவியும், மற்றவருக்குப் பேச்சுத் துணையும் தேவைப்படலாம். எந்தக் கூறில் மதிப்பெண் குறைந்துள்ளது என்று பார்த்தால்தான் உரிய உதவியைத் தர முடியும்.