வீட்டு வாசலில் கார் பெயின்ட்: எதுவரை நம் வேலை?

15 ஆண்டு முடிந்த சொந்தக் காரின் பதிவைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குக் கொண்டுபோகுமுன் அதற்கு ஒரு பெயின்ட் அடித்துவிடுவது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 20 ஆண்டைத் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் அது 10,000 ஆகிவிட்டது. இதற்கு மேல் டிங்கரிங், பெயின்டிங் என்று பட்டறைக்குப் போனால், பழைய மாருதி 800-க்கெல்லாம் வண்டி விலையை ஒட்டிய தொகையைக் கேட்கிறார்கள். ஆகவே ஒரு சின்ன கம்ப்ரெசரையும் ஸ்ப்ரே கன்னையும் வாங்கி, நாலு வீடியோவைப் பார்த்துவிட்டு, வாசலிலேயே வேலையைத் தொடங்குகிறவர்கள் பெருகிவிட்டார்கள். இதில் சட்டப்படி தவறு எதுவும் இல்லை. சொந்தக் காரைச் சொந்தக் கையால் பழுதுபார்க்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஆனால் வேலையைத் தொடங்குமுன் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். துரு அரித்திருக்கும் தகடு வண்டியின் பாரத்தைத் தாங்குகிற தகடா? பூசப்போகும் பொருள் காற்றில் மிதந்து நுரையீரலுக்குள் போகக்கூடியதா? இரண்டுக்கும் 'இல்லை' என்பது பதிலானால் தாராளமாக வீட்டில் செய்யலாம். ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலும் அந்த இடத்தோடு நிறுத்திக்கொள்வதே சரி.

முதல் கேள்விக்குப் பதில் தேட, துரு எங்கே தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும். இரும்பு, ஈரம், காற்று மூன்றும் சேர்ந்தால் துரு வரும். உப்பு சேர்ந்தால் அது வேகம் பிடிக்கும். சென்னையில் கடற்கரையை ஒட்டிய தெருக்களிலும், தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற ஊர்களிலும் உப்புக்காற்று நாள் முழுவதும் இந்த வேலையைச் செய்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் முழுகிய கார்களின் மூடிய அறைகளுக்குள் சேறும் ஈரமும் தங்கியிருக்க வாய்ப்பு அதிகம். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் பெயின்ட் பொங்கிக் கொப்புளமாகிறது. வெளியே கொப்புளம் தெரிகிற நாளில் உள்பக்கம் பெரும்பாலும் அரித்து முடிந்திருக்கும். கதவின் அடிவிளிம்பில் தண்ணீர் வடிய வைத்த சிறு துளைகள் மண்ணால் அடைபடுவது, ரப்பர் மேட்டுக்கு அடியில் தரைத்தகடு மாதக்கணக்கில் ஈரமாகக் கிடப்பது, பேட்டரித் தட்டில் ஆசிட் கசிவது, டிக்கியில் ஸ்டெப்னிக் குழியில் தண்ணீர் தேங்குவது ஆகியவைதான் இதற்கு மூலம். மேலே பெயின்ட் அடிப்பதால் இவற்றில் ஒன்றுகூடத் தீராது.

இந்தக் கார்களில் பெரும்பாலானவற்றுக்குச் சேஸிஸ் என்று தனியாக ஒரு சட்டம் கிடையாது. மாருதி 800-ல் மட்டுமல்ல, அம்பாசிடரில்கூட உடல்தகடுதான் எலும்புக்கூடு. கதவுக்குக் கீழே ஓடும், மெக்கானிக்குகள் ரன்னிங் போர்டு என்று சொல்லும் பெட்டித்தகடு, முன்சக்கரத்துக்கு மேலே ஷாக் அப்சார்பர் வந்து பொருந்தும் மேடை, சீட் பெல்ட் போல்ட்டைப் பிடித்திருக்கும் இடம் எல்லாம் மோதலின் விசையைத் தாங்குவதற்காக அமைந்தவை. ஜாக்கி கொடுக்க ரன்னிங் போர்டின் அடிமடிப்பில் ஒரு பள்ளம் இருக்கிறதே, அந்த இடத்தை ஒரு ஸ்க்ரூ டிரைவர் முனையால் அழுத்திப் பார்த்தால் போதும். முனை உள்ளே இறங்கினாலோ, காய்ந்த சருகு உடைவதுபோல் சத்தம் கேட்டாலோ, அது உங்கள் வேலை அல்ல. அழுகிய தகட்டை நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்யத் தெரிந்தவரிடம் போக வேண்டும். ஓட்டையில் வலையை வைத்துப் பட்டி பூசி, தேய்த்து, பெயின்ட் அடித்தால் கண்ணுக்கு அது தகடுதான். விசைக்கு அது ஒன்றுமே இல்லை. தவிர, பட்டி ஈரத்தை உறிஞ்சும். பின்பக்கத்திலிருந்து ஈரம் வந்துகொண்டே இருப்பதால் ஓரிரு மழைக்காலத்தில் கொப்புளம் அதே இடத்தில் திரும்பி வரும். 'எஃப்.சி. பாஸ் ஆகிவிட்டதே' என்று இதற்கு ஒரு வாதம் உண்டு. பூச்சுக்கு அடியில் இருக்கும் ஓட்டையைக் கண்டுபிடிக்க ஆய்வாளர் பூச்சைச் சுரண்டிப் பார்ப்பதில்லை. அந்தச் சான்றை ரன்னிங் போர்டின் உள்பக்கத்துக்கும் சேர்த்து வாசிக்கக் கூடாது.

பாரம் தாங்காத இடங்களில், அதாவது பானெட், கதவின் வெளித்தகடு, டிக்கி மூடி போன்றவற்றில் மேலோட்டமாகப் படர்ந்த துருவைப் பொறுமை இருந்தால் யாரும் சரிசெய்யலாம். முதலில் நல்ல தண்ணீரில் கழுவி உப்பை நீக்க வேண்டும். இதைச் செய்யாமல் தேய்க்கத் தொடங்கினால் உப்பு இரும்பின் பள்ளங்களுக்குள் அழுந்திவிடும். பிறகு கம்பி பிரஷ், 80 நம்பர் உப்புத்தாள், பளபளப்பான இரும்பு தெரியும்வரை தேய்ப்பு, பள்ளத்தில் மிச்சமிருக்கும் துருவுக்கு பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருநீக்கி. அன்றே பிரைமர் பூச வேண்டும். தேய்த்த இரும்பை நம் ஊர்க் காற்றில் ஒரு இரவு திறந்து வைத்தால் காலையில் மஞ்சள் படிந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். வண்டிக்கு அடியில் போவதானால் ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் வைக்க வேண்டும். அரித்த ரன்னிங் போர்டில் நிற்கும் ஜாக்கி எந்த நேரத்திலும் உள்ளே குத்திக்கொண்டு போகும்.

தேய்க்கும்போது எழும் தூசியைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். வீட்டுக்கும் அலங்காரத்துக்கும் பூசும் பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம். அளவைத் தாண்டக் கூடாது என்ற மத்திய அரசின் விதி 2016-ல் வந்து, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. வீட்டுப் பெயின்ட்டுக்கு மட்டும்தான் அந்த வரம்பு. வாகனப் பெயின்ட் அதில் சேராது. பழைய மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களுக்கு ஈயக் குரோமேட் நிறமியைப் பரவலாகப் பயன்படுத்தினார்கள். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இருப்பதாகத் தெரியவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத்தான் அது முதலில் பாதிக்கும். எனவே பழைய காரைத் தேய்க்கும் இடம் குழந்தை விளையாடும் திண்ணையாகவோ துணி காயும் முற்றமாகவோ இருக்கக் கூடாது. உலர்வாகத் தேய்க்காமல் வாட்டர் பேப்பர் கொண்டு ஈரமாகத் தேய்க்க வேண்டும். வடியும் குழம்பைத் தெருச் சாக்கடையில் விடாமல், அடியில் தார்ப்பாய் விரித்துச் சேர்த்தெடுக்க வேண்டும். காலியான பெயின்ட் டப்பாக்களைத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் சாதாரணக் குப்பையாகக் கருதுவதில்லை. அவற்றைத் தனியாகத்தான் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது கேள்வி இதைவிடக் கடுமையானது. இன்று பட்டறைகளில் அடிக்கும் டூ-கே பெயின்ட் அல்லது கிளியர் கோட்டில் கலக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஸ்ப்ரே கன்னிலிருந்து அது நுண்துளிகளாக வெளியேறி, கண்ணுக்குப் புகை மறைந்த பிறகும் காற்றில் நிற்கும். தொழிலால் வரும் ஆஸ்துமாவுக்கு முதன்மைக் காரணங்களில் ஒன்றாக பிரிட்டனின் பணிப் பாதுகாப்பு அமைப்பு இதை வைத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஆகஸ்ட் முதல் பயிற்சி பெறாதவர்கள் தொழில்முறையில் இதைக் கையாளவே முடியாது. ஒருமுறை உடல் இதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவு பட்டாலும் மூச்சுத் திணறல் வரும். கைக்குட்டையும் துணி மாஸ்க்கும் இதற்கு ஒன்றும் செய்யாது. என்-95 தூசியைப் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது. கரி வடிகட்டி தீர்ந்துபோனதை மூக்கு சொல்லும் என்றும் நம்ப முடியாது, ஏனென்றால் ஆபத்தான அளவிலும் ஐசோசயனேட்டின் வாடை தெரியாமல் போகலாம். வெளியிலிருந்து சுத்தமான காற்று குழாய் வழியாக வரும் முகமூடிதான் முறையான பாதுகாப்பு. அது வீடுகளில் இருப்பதில்லை. 'பட்டறையில் 20 வருஷமாக மாஸ்க்கே போடாமல் அடிக்கிறாரே, அவருக்கு என்ன ஆகிவிட்டது' என்பார்கள். மூச்சு வாங்கி வேலையை விட்டுப்போனவர் அந்தப் பட்டறையில் இல்லை. அதனால் அவர் கணக்கில் வருவதில்லை. நிற்பவரை மட்டும் எண்ணிப் பார்த்தால் எந்தத் தொழிலும் ஆபத்தில்லாததுதான்.

தீ விஷயத்தில் நம் அடுக்குமாடி வீடுகளின் அமைப்பே எதிரி. தின்னரில் டொலுயீன் போன்ற கரைப்பான்கள் இருக்கின்றன. டொலுயீன் ஆவி பற்றிக்கொள்ள 4 டிகிரி செல்சியஸ் போதும், அதாவது நம் ஊரில் வருடம் முழுவதும் அது தயார் நிலையில்தான் இருக்கிறது. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு ஊர்ந்து பள்ளத்தில் தேங்கும். ஸ்டில்ட் பார்க்கிங்கில் அதே தரைத்தளத்தில்தான் சம்ப் மோட்டாரும் அதன் ஸ்டார்ட்டரும் ஈ.பி. மீட்டர் பலகையும் இருக்கின்றன. யாரோ மேலே தண்ணீர் ஏற்ற சுவிட்சைத் தட்டினால் போதும். எரியும் பொருளை அசட்டையாகக் கையாண்டு பிறருக்கு ஆபத்து விளைவிப்பது பாரதிய நியாய சன்ஹிதா 287-ஆம் பிரிவின்படி குற்றம். 6 மாதம் வரை சிறையோ 2,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. பொது பார்க்கிங் இடத்தில் ஸ்ப்ரே அடிப்பதைத் தடுக்க அண்டை வீட்டாருக்கு உரிமை இருக்கிறது. 'என் கார், என் இடம்' என்ற வாதம் அங்கே நிற்காது. பெட்ரோல் டேங்க் அருகே வெல்டிங் செய்ய ஆளை வீட்டுக்கு அழைப்பதும் இதில் சேரும். காலி டேங்க் என்று சமாதானம் சொல்வார்கள். ஆவி நிறைந்த காலி டேங்க்தான் வெடிக்கும்.

அப்படியானால் வீட்டில் பெயின்ட்டே அடிக்கக் கூடாதா என்றால், அடிக்கலாம். ஹார்டனர் கலக்காத ஒற்றைப் பொருள் பெயின்ட்டைச் சிறு இடங்களுக்குத் திறந்த வெளியில், கரைப்பான் ஆவிக்கான வடிகட்டி மாஸ்க்கோடு பூசலாம். அடித்தகட்டுக்குப் பிரஷ்ஷால் பூசுவது ஸ்ப்ரேயைவிட நல்லது, துளி பறக்காது. டூ-கேயின் பளபளப்பும் உழைப்பும் இதற்கு வராது என்பது உண்மைதான். ஆனால் பட்டறை பில்லில் பெரும்பகுதி தேய்ப்புக்கும் முன்வேலைக்கும் போகும் கூலி. அதை வீட்டில் முடித்து, பிரைமரோடு வண்டியை ஸ்ப்ரே பூத் உள்ள பட்டறைக்குக் கொண்டுபோய்க் கடைசிப் பூச்சை மட்டும் அடித்து வாங்கினால் பணமும் மிச்சம், நுரையீரலும் மிச்சம். பிறர் செய்த முன்வேலைக்கு உத்தரவாதம் தர மாட்டோம் என்று பட்டறை சொல்லலாம். அது நியாயம்தான்; எதற்கு உத்தரவாதம், எதற்கு இல்லை என்பதை பில்லிலேயே எழுதி வாங்கிவிட வேண்டும்.

நிறத்தை மாற்றினால் காகித வேலையும் உண்டு. ஆர்.சி.யில் நிறம் ஒரு பதிவு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றியது. நிறம் மாறினால் ஆர்.டி.ஓ.விடம் தெரிவித்து ஆர்.சி.யில் திருத்த வேண்டும். ஆலிவ் பச்சை நிறம் ராணுவ வண்டிகளுக்கு மட்டுமே. சேஸிஸ் எண் பொறித்த இடத்தில் உப்புத்தாளோ பட்டியோ படவே கூடாது. எண் ஏற்கெனவே துருவால் மங்கியிருந்தால் தொடுமுன் படம் எடுத்து, பதிவு அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுவது நல்லது. மங்கிய எண், அழித்த எண்ணாகப் பிறகு வாசிக்கப்படும். துருவும் தேய்மானமும் எந்த மோட்டார் பாலிசியிலும் இழப்பீட்டுக்கு வராது. பழைய காருக்கு மூன்றாம் நபர் பாலிசி மட்டும் வைத்திருந்தால், வாசலில் எரிந்துபோன காருக்கும் ஒரு ரூபாய் வராது.

பரிகாரம் தேட வேண்டியிருந்தால் அதற்கு அடிப்படை பில். பாட்டிலில் ஊற்றிக் கொடுக்கும் தின்னரில் தயாரித்தவர் பெயர், மாதம், விலை, எச்சரிக்கை எதுவும் இருக்காது. அது கெட்டுப்போய்ப் பெயின்ட் உரிந்தாலும் யாரைக் கேட்பது? சீல் வைத்த டப்பாவும் பில்லும் இருந்தால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி தயாரிப்பாளர்வரை போகலாம். பணம் வாங்கிக்கொண்டு அரைகுறையாக வேலை செய்த பட்டறைக்கும் இதே சட்டம்தான். முதலில் 1915 உதவி எண், பலன் இல்லையென்றால் மாவட்ட ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் புகார்க் கட்டணம் இல்லை. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, இ-ஜாக்ருதி தளம் வழியாகவும், 2 ஆண்டுக்குள் தாக்கல் செய்யலாம்.

கார் கைமாறும்போது நிலைமை தலைகீழாகும். புகார் உங்கள் மீது வரும். தனிநபர் தன் பழைய காரை விற்பது வணிகம் ஆகாது என்பதால் நுகர்வோர் சட்டம் பொதுவாக அங்கே பொருந்தாது. ஆனால் 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, தெரிந்த ஒரு உண்மையைத் திட்டமிட்டு மறைப்பதை மோசடி என்கிறது. அரித்த ரன்னிங் போர்டைப் பட்டியால் மூடி, பெயின்ட் அடித்து, 'துருவே இல்லாத வண்டி' என்று விற்றால் அதை வேறு எப்படிச் சொல்வது? வாங்குபவர் ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றிக் கதவடி, ரன்னிங் போர்டு, சக்கர வளைவு வழியாக ஓட்டிப் பார்த்தால் கெட்டியாகப் பட்டி பூசிய இடத்தில் அது ஒட்டாது. விற்பவர் செய்ய வேண்டியது அதைவிட எளிது: தேய்த்தபோதும், வெட்டியபோதும், பிரைமர் பூசியபோதும் எடுத்த படங்களைப் பத்திரமாக வைத்திருந்து, படிவம் 29, 30-ல் கையெழுத்திடும் அன்றே எந்தத் தகடு மாற்றியது, எங்கே பட்டி இருக்கிறது என்று தனித்தாளில் எழுதி, வாங்குபவரின் கையெழுத்தோடு ஒரு பிரதியைத் தன்னிடம் வைத்துக்கொள்வது.