கொரோனா பூட்டிய கதவுகள்: உங்களுக்குத் தெரியுமா?

நெல்லையிலிருந்து வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகள் உங்கள் தெருவிலும் உண்டுதானே? 2020-இல் ஒரு கிருமி அவர்கள் திட்டத்தை எப்படியெல்லாம் புரட்டிப் போட்டது தெரியுமா?

முதல் நோயாளியே மாணவி!
இந்தியாவின் முதல் கொரோனா நோயாளி, சீனாவின் வூகானில் மருத்துவம் படித்த மாணவி! நமக்கு மலைக்கு அந்தப் பக்கம், திருச்சூரில், 2020 ஜனவரி 30-இல் உறுதியானது. மறுநாளே வூகானுக்குப் பறந்த ஏர் இந்தியா விமானம் 324 பேரை ஏற்றி வந்தது. அதில் 211 பேர் மாணவர்கள்!

விடிகாலை 5.30-க்கு வகுப்பு!
ஊரில் முடங்கிய மாணவர்கள் வீட்டிலிருந்தே ஆன்லைனில் படித்தார்கள். சீன நேரம் நம்மைவிட இரண்டரை மணி முந்தியது. அங்கே காலை 8 மணி வகுப்பு என்றால் பாளையங்கோட்டையில் விடிகாலை 5.30! நியூயார்க்கில் மதியம் 2 மணி வகுப்பா? குளிர்காலத்தில் இங்கே நள்ளிரவு 12.30! அப்புறம் எங்கே தூங்குவது?

635 நாள் பூட்டு!
2020 மார்ச் 20-இல் கதவைச் சாத்திய ஆஸ்திரேலியா, வெளிநாட்டு மாணவர்களுக்குத் திறந்தது எப்போது? 2021 டிசம்பர் 15! சீனா அதையும் மிஞ்சியது! நம் நாட்டு மாணவர்கள் சுமார் 23,000 பேர் திரும்பிப் போகக் கிட்டத்தட்ட 29 மாதம் காத்துக் கிடந்தார்கள்!

எட்டே நாள் உத்தரவு!
"எல்லா வகுப்பும் ஆன்லைன் என்றால் நாட்டை விட்டுக் கிளம்பு!" என்று 2020 ஜூலை 6-இல் வெளிநாட்டு மாணவர்களுக்கு உத்தரவு போட்டது அமெரிக்கா. ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் கோர்ட்டுக்குப் போயின. ஜூலை 14-இல் உத்தரவு வாபஸ்!

வீட்டுக்குள்ளேயே ஜி.ஆர்.இ.!
மேற்படிப்புக்கு எழுதும் ஜி.ஆர்.இ. தேர்வின் மையம் மூடினால் என்ன? படுக்கையறையே மையம்! ஆனால் கேமராவில் அறை முழுக்கச் சுற்றிக் காட்ட வேண்டும். வெறும் காகிதத்தில் கணக்குப் போடக் கூடாது! அழித்து எழுதும் வெள்ளைப் பலகை போன்றதுதான்!

ஒலிம்பிக் வீரருக்குச் சமம்!
கோவிஷீல்டு இரண்டாம் ஊசிக்கு ஊரெல்லாம் 84 நாள் காத்திருந்தது. 2021 ஜூனில் 28 நாளிலேயே போடச் சலுகை வந்தது. யாருக்கு? வெளிநாடு போகும் மாணவர்கள், வேலைக்குப் போகிறவர்கள், டோக்கியோ ஒலிம்பிக் அணியினர்! சான்றிதழில் பாஸ்போர்ட் எண்ணும் ஏறியது!

தாத்தா காலத்துத் தனிமை!
இதெல்லாம் நமக்குப் புதுசா? நூறு வருடம் முன்பு, நெல்லைச் சீமையிலிருந்து தூத்துக்குடி வழியாக இலங்கைக்குக் கப்பலேறப் போனவர்களை, பிளேக், காலரா பயத்தில் தட்டப்பாறை முகாமில் தனிமைப்படுத்தி வைத்தார்கள்! ரயிலில் தூத்துக்குடி போகையில் அந்த ஊரைத் தாண்டித்தானே போகிறோம்!

பயந்து நின்றார்களா?
படிக்க வெளிநாடு போன இந்தியர்கள் 2019-இல் 5.86 லட்சம். 2020-இல் 2.59 லட்சமாகச் சரிந்தது. சரி, கதை முடிந்தது என்று நினைத்தீர்களா? 2022-இல் 7.5 லட்சம்! கொரோனாவுக்கு முன்னால் போனதைவிட அதிகம்! படிக்கணும் என்று கிளம்பிவிட்ட பிள்ளையை எந்தக் கிருமியால் நிறுத்த முடியும், சொல்லுங்கள்!