முதல் சம்பளம் எவ்வளவு தூரம் கூட வரும்?

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

போன வாரம் ஒரு ராத்திரி தூக்கம் வராம பி.எஃப் பாஸ்புக்கை டவுன்லோடு பண்ணிப் பார்த்துட்டு இருந்தேன். என் பாஸ்புக் 2013-ல ஆரம்பிக்குது. ஆனா நான் வேலைக்குச் சேர்ந்தது 2009-ல. முதல் 4 வருஷம் அதுல இல்லவே இல்ல. ஏன்னா அந்த வேலையை விட்டப்போ ஃபார்ம் 19 எழுதிக் கொடுத்து மொத்தப் பணத்தையும் எடுத்துட்டேன்.

சரி, இவ்வளவு தூரம் வந்தாச்சு, கணக்கு போட்டே பார்த்துடலாம்னு பழைய ஃபார்ம் 16, பே ஸ்லிப் எல்லாம் தேடி எடுத்து, இதுவரை மொத்தம் எவ்வளவு சம்பாதிச்சிருக்கேன்னு கூட்டினேன். 16 வருஷத்துல சுமார் 1 கோடியே 27 லட்சம். அதுல பாதிக்கு மேல கடைசி 4 வருஷத்துல வந்தது. முதல் வேலையில 4 வருஷம் சேர்த்து வாங்கினது வெறும் 8 லட்சம். அதாவது மொத்தத்துல 6 சதவீதம் சொச்சம்.

அப்போ முதல் வேலை பெரிய விஷயமே இல்லைன்னு தோணும். எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. ஆனா அது தப்பு. முதல் வேலையில வாங்கின பணம் சின்னதுதான். அந்த வேலை நம்ம மேல ஒட்டிவிட்ட எண் இருக்கே, அதுதான் பெருசு. இன்னைக்கு அதைப் பத்திப் பேசலாம்.

15,000-மும் 20,000-மும்

2009 எப்படிப்பட்ட வருஷம்னு உங்கள்ல சில பேருக்கு ஞாபகம் இருக்காது. 2008 செப்டம்பர்ல அமெரிக்காவுல லேமன் பிரதர்ஸ் விழுந்துச்சு. அதோட அதிர்ச்சி சென்னையில எங்க காலேஜ் வரைக்கும் வந்துச்சு. கேம்பஸ்ல ஆஃபர் லெட்டர் வாங்கினவங்களுக்கு ஜாயினிங் தேதி தள்ளிப் போயிட்டே இருந்துச்சு. எனக்கும் என் ரூம்மேட்டுக்கும் அதே கதை. ரெண்டு பேரும் திருவல்லிக்கேணியில ஒரு மேன்ஷன்ல ஒரே ரூம்ல இருந்தோம்.

அவன் காத்திருந்தான். 8 மாசம் கழிச்சு ஒரு நல்ல கம்பெனியில மாசம் 20,000 சி.டி.சி-யில சேர்ந்தான். நான் காத்திருக்கல. கையில கிடைச்ச டெக் சப்போர்ட் வேலையில, ராத்திரி ஷிஃப்ட், மாசம் 15,000 சி.டி.சி-க்குச் சேர்ந்துட்டேன்.

அவன் புத்திசாலி, நான் அவசரக்காரன் அப்படின்னு இல்ல. எனக்கு எஜுகேஷன் லோன் இருந்துச்சு. அப்போ இருந்த விதிப்படி, படிப்பு முடிஞ்சு 1 வருஷம் அல்லது வேலை கிடைச்சு 6 மாசம், எது முதல்ல வருதோ அப்போ தவணை கட்ட ஆரம்பிக்கணும். வீட்டுல அப்பாவால கட்ட முடியாது. அவனுக்கு லோன் இல்ல. மாசம் 3,000 ரூபாய் வீட்டுலேர்ந்து வந்துட்டு இருந்துச்சு. எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இருந்த வித்தியாசம் அவ்வளவுதான்.

இடையில ஒரு விஷயம். சி.டி.சி 15,000-ன்னா கைக்கு 15,000 வராது. கம்பெனி கட்டுற பி.எஃப் பங்கு, கிராஜுவிட்டிக்கு ஒதுக்குற தொகை, இன்ஷூரன்ஸ் பிரீமியம், வருமா வராதான்னே தெரியாத வேரியபிள் பே, எல்லாமே அதுக்குள்ள அடக்கம். எனக்குக் கையில வந்தது 11,700. 5 வருஷம் முடிக்காததால கிராஜுவிட்டி கடைசி வரைக்கும் வரவே இல்ல. ஆஃபர் லெட்டர் வந்தா முதல்ல கேட்க வேண்டிய கேள்வி, "மாசம் கையில எவ்வளவு வரும்?"

ஒட்டிக்கிட்ட எண்

2013-ல ஒரு வேடிக்கை நடந்துச்சு. நானும் ரூம்மேட்டும் ஒரே கம்பெனிக்கு மாறினோம். ஒரே டீம், ஒரே மேனேஜர், ஒரே வேலை. இன்டர்வியூ முடிஞ்சதும் எச்.ஆர் என்கிட்ட கேட்ட முதல் கேள்வி, "உங்க கரண்ட் சி.டி.சி எவ்வளவு?" சொன்னேன். "எங்க பாலிசிப்படி 30 பர்சன்ட் ஹைக்" அப்படின்னாங்க. சந்தோஷமா கையெழுத்து போட்டேன். வருஷத்துக்கு 3.18 லட்சம்.

அவனுக்கும் அதே 30 பர்சன்ட்தான். ஆனா அவனோட பழைய சம்பளத்து மேல. வருஷத்துக்கு 4.16 லட்சம். ஆறு மாசம் கழிச்சு டீக்கடையில பேச்சுவாக்குல அவன் சொல்லித்தான் எனக்கே தெரியும். மாசம் 5,000-ஆ இருந்த இடைவெளி 8,000-க்கு மேல ஆயிடுச்சு. எங்க ரெண்டு பேரோட வேலையில ஒரு வித்தியாசமும் இல்ல. அன்னைக்கு டீ இறங்கல.

இதுதான் சதவீதத்தோட குணம். ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. ரெண்டு பேர், ஒருத்தர் 15,000-ல, இன்னொருத்தர் 20,000-ல ஆரம்பிக்கிறாங்க. ரெண்டு பேருக்கும் வருஷா வருஷம் 10 சதவீதம் ஏறுது. 30 வருஷம் முடியும்போது முதல் ஆள் மொத்தமா சம்பாதிச்சது சுமார் 2.96 கோடி. ரெண்டாவது ஆள் 3.95 கோடி. ஆரம்பத்துல இருந்த 5,000 ரூபாய் வித்தியாசம், கடைசியில கிட்டத்தட்ட 1 கோடி.

"இப்போ எவ்வளவு வாங்குறீங்க?" அப்படிங்கிற கேள்வி இந்த வித்தியாசத்தை ஒரு கம்பெனியிலேர்ந்து இன்னொரு கம்பெனிக்குச் சுமந்துட்டுப் போகுது. அமெரிக்காவுல மாசசூசெட்ஸ், கலிஃபோர்னியா மாதிரி சில மாநிலங்கள்ல 2018-லேர்ந்து வேலைக்கு வர்றவங்ககிட்ட பழைய சம்பளத்தைக் கேட்கக்கூடாதுன்னே சட்டம் இருக்கு. இங்க அப்படி இல்ல. கேட்பாங்க, பே ஸ்லிப்பும் கேட்பாங்க.

இடைவெளி எப்படி மூடுது?

இவ்வளவு கேட்டதும் கொஞ்சம் பயமா இருக்கும். இப்போ நல்ல செய்திக்கு வருவோம். அந்த 1 கோடி கணக்கு, ரெண்டு பேரும் 30 வருஷமும் ஒரே வேகத்துல போறாங்கன்னு வெச்சுப் போட்டது. நிஜத்துல அப்படி நடக்கறதில்ல.

கனடாவுல ஒரியோபவுலஸ், வான் வாக்டர், ஹைஸ் அப்படின்னு 3 பொருளாதார ஆய்வாளர்கள், மந்தமான காலத்துல பட்டம் வாங்கி வெளிய வந்தவங்களோட சம்பளத்தைப் பல வருஷம் பின்தொடர்ந்து பார்த்தாங்க. 2012-ல அந்த ஆய்வு வெளிவந்துச்சு. ஆரம்பத்துல சம்பளம் சுமார் 9 சதவீதம் குறைவு. ஆனா ஏறக்குறைய 10 வருஷத்துல அந்த இடைவெளி மறைஞ்சு போகுது. எப்படி மறையுது? பெரும்பாலும் கம்பெனி மாறி, முன்னைவிட நல்லா சம்பளம் தர்ற இடத்துக்குப் போறதால. இன்னொன்னும் சொன்னாங்க: எல்லாருக்கும் ஒரே மாதிரி மறையறதில்ல. அதிக டிமாண்ட் இருக்கிற படிப்பு படிச்சவங்க சீக்கிரம் மீள்றாங்க, மத்தவங்களுக்கு அந்த அடி ரொம்ப நாள் நிக்குது.

அமெரிக்காவுல டோபல், வார்ட் ரெண்டு பேர் 1992-ல எழுதின ஆய்வும் இதே பக்கம்தான் கை காட்டுது. வேலைக்குச் சேர்ந்த முதல் 10 வருஷத்துல இளைஞர்களோட சம்பள வளர்ச்சியில மூணுல ஒரு பங்கு, வேலை மாறினதால வந்தது.

ஆக, முதல் 10 வருஷம்தான் அந்த எண்ணைக் கழட்டிப் போடறதுக்கான காலம். என் விஷயத்துல அது 2017-ல நடந்துச்சு. அதுக்கு முன்னாடி ஒண்ணரை வருஷம் ராத்திரி உட்கார்ந்து எஸ்.க்யூ.எல் கத்துக்கிட்டு, சப்போர்ட்லேர்ந்து டேட்டா வேலைக்கு மாறத் தயாரானேன். இன்டர்வியூவுக்குப் போறதுக்கு முன்னாடி, அதே வேலையில இருக்கிற 3 பேர்கிட்ட வெட்கப்படாம சம்பளம் கேட்டேன். எச்.ஆர் வழக்கமான கேள்வியைக் கேட்டாங்க. நான் பொய் சொல்லல. "இப்போ வாங்குறது இவ்வளவு. ஆனா அது வேற வேலை. இந்த வேலைக்கு நான் எதிர்பார்க்கிறது இவ்வளவு"ன்னு ஒரு தொகையைச் சொன்னேன். சதவீதத்தை வாயில எடுக்கவே இல்ல. கிடைச்சது 70 சதவீத உயர்வு. 8 வருஷமா கூடவே வந்த அந்த 15,000 அன்னைக்குத்தான் என்னை விட்டுச்சு.

அந்த பி.எஃப் பணம்?

எடுத்தது 50,000 சொச்சம். பாதி லோனுக்கு, பாதி ஒரு செகண்ட் ஹேண்ட் பைக்குக்கு. எடுக்காம இருந்திருந்தா, 8 சதவீத வட்டியில 30 வருஷத்துல 5 லட்சம் ஆகியிருக்கும். பெரிய தொகை மாதிரி தெரியும். ஆனா விலைவாசி வருஷம் 6 சதவீதம் ஏறுதுன்னு வெச்சா, எடுத்த அன்னைக்கு இருந்த மதிப்புல அது 87,000-தான். அதனால பணத்துக்காக நான் ரொம்ப அழல. லோனைவிடக் குறைஞ்ச வட்டி தர்ற பணத்தை எடுத்து லோன் கட்டினது தப்பும் இல்ல.

உண்மையில போனது வேற ஒண்ணு. பி.எஃப் பென்ஷனுக்கு 10 வருஷ சர்வீஸ் வேணும். ஃபார்ம் 10சி கொடுத்து பென்ஷன் பணத்தையும் எடுத்ததால, என் 4 வருஷம் அழிஞ்சு போச்சு. 2013-லேர்ந்து திரும்ப ஒண்ணாம் வருஷம். இப்போ எல்லாருக்கும் யு.ஏ.என் இருக்கு, பழைய கணக்கைப் புதுசுக்கு மாத்தறது சுலபம். 5 வருஷத்துக்குள்ள எடுத்தா வரி விழவும் வாய்ப்பு இருக்கு. அவசரம் இல்லைன்னா மாத்திடுங்க.

கடைசியா

"லோன் இருக்கு, குறைஞ்ச சம்பளத்துல ஒரு ஆஃபர் வந்திருக்கு, என்ன பண்றது?"ன்னு நிறைய பேர் கேட்கறீங்க. போய்ச் சேருங்க. காத்திருக்க முடியாத வீட்டுல பொறந்தது நம்ம தப்பு இல்ல. நான் இன்னைக்குத் திரும்ப 2009-க்குப் போனாலும் அதே வேலையில சேருவேன். ஆனா அங்க 4 வருஷம் இருக்க மாட்டேன். முதல் நாளே காலண்டர்ல 18 மாசம் தள்ளி ஒரு தேதியைக் குறிச்சு வெப்பேன். அதுக்குள்ள கத்துக்க வேண்டியது என்ன, அந்த வேலைக்கு வெளியில என்ன சம்பளம்னு விசாரிச்சு எழுதி வெப்பேன். முக்கியமா, பக்கத்து சீட்டுல இருக்கிறவங்ககிட்ட சம்பளத்தைப் பத்திப் பேசுவேன். நாம பேசாம இருக்கறதால லாபம் நமக்கு இல்ல.

ரூம்மேட் இப்பவும் நல்ல ஃப்ரெண்ட். இந்த எபிசோடுக்காகப் போன் பண்ணி, "உன் மொத்தக் கணக்கு எவ்வளவுடா?"ன்னு கேட்டேன். "மச்சான், கூட்டிப் பார்க்கப் பயமா இருக்கு, எங்க போச்சுன்னு வீட்டுல கேட்பாங்க" அப்படின்னான். அது வேற எபிசோட். அடுத்த வாரம் பேசலாம்.