ரெஸ்யூமில் ஏழு ப்ராஜெக்ட், "இந்த வரி எதுக்கு?" என்றால் பதில் இல்லை: முதல் வெப் டெவலப்பர் வேலைக்குத் தயாராவது எப்படி?

ரெஸ்யூமில் ஏழு ப்ராஜெக்ட் இருக்கிறது. நெட்ஃபிளிக்ஸ் குளோன், வெதர் ஆப், டூ-டூ லிஸ்ட், கால்குலேட்டர் என்று வரிசையாக. எதிரே இருப்பவர் லேப்டாப்பைத் திருப்பி வைக்கிறார். "தம்பி, இந்த வரி எதுக்குன்னு சொல்லுங்க." அறையில் ஏசி சத்தம் மட்டும்தான் கேட்கிறது. கொஞ்ச நேரம் கழித்து, "வீடியோல அப்படித்தான் போட்டிருந்தாங்க சார்..."

கோவையில் வெப் டெவலப்பர் இன்டர்வியூவுக்குப் போய் வந்த ஃப்ரெஷர்கள் பலருக்கும் இது பழகிய காட்சிதான். காந்திபுரத்தில் கோர்ஸ் முடித்து, சர்ட்டிபிகேட்டும் கையில் வைத்திருக்கும் ஒருவர் இந்த ஒரு கேள்வியில் ஏன் தடுக்கி விழுகிறார்?

எல்லா கம்பெனியும் ஒரே மாதிரி கேட்பதில்லை

விளாங்குறிச்சி டைடல் பார்க், சரவணம்பட்டி, கீரணத்தம் என்று கோவையின் ஐ.டி. வரைபடம் விரிந்துகொண்டே போகிறது. ஆனால் ஃப்ரெஷர் பார்வையில் கம்பெனிகள் இரண்டே வகை. பெரிய சர்வீஸ் நிறுவனங்கள் கல்லூரிக்கே வந்து, ஆப்டிட்யூட் தேர்வு வைத்து, மொத்தமாக ஆள் எடுத்து, பிறகு பயிற்சி கொடுப்பவை. அங்கே வெப் தெரியுமா என்பதைவிட அடிப்படை லாஜிக் இருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

இரண்டாவது வகை, சொந்தமாக சாஃப்ட்வேர் தயாரித்து விற்பவையும், வாடிக்கையாளர்களுக்கு வெப்சைட் செய்துகொடுக்கும் சின்ன நிறுவனங்களும். இங்கே வந்த கொஞ்ச நாளிலேயே கோடில் கை வைக்க வேண்டியிருக்கும். அதனால் கேள்விகளும் நேராகக் கோடிலிருந்தே வரும். ஜோஹோவை எடுத்துக்கொண்டால், அதன் தேர்வில் ரயில் டிக்கெட் புக்கிங், கால் டாக்ஸி மாதிரியான ஒரு முழு அப்ளிகேஷனை உட்கார்ந்த இடத்தில் எழுதச் சொல்லும் ரவுண்டு ரொம்பவே பிரபலம். மனப்பாடம் அங்கே உதவாது. பாதியில் ஒரு நிபந்தனையை மாற்றினாலும் கோடு உடையாமல் நிற்க வேண்டும்.

அந்தப் பழக்கம் இப்போது சின்ன கம்பெனிகளுக்கும் வந்துவிட்டது. காரணம் ஏ.ஐ. கோடு எழுதித் தர ஆள் இருக்கிறது என்பது இன்டர்வியூ எடுப்பவருக்கும் தெரியும். அதனால், "நல்லாருக்கு. இப்ப இதுலயே ஞாயித்துக்கிழமை ஓ.டி.யும் சேர்த்துக் கணக்குப் போடுங்க பார்க்கலாம்" என்பார். சொந்தமாக எழுதியவருக்கு எந்த ஃபைலைத் திறப்பது என்று தெரியும். இன்னொருவர் மவுஸை உருட்டிக்கொண்டே இருப்பார்.

நெட்ஃபிளிக்ஸ் வேண்டாம், மாமாவின் பவர்டேபிள் போதும்

இங்கேதான் கொங்கு மண்டலத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வசதி இருக்கிறது. பலரும் அதைப் பயன்படுத்துவதில்லை. திருப்பூரில் யாராவது ஒரு சொந்தக்காரர் பவர்டேபிள் நடத்துவார். சோமனூர், பல்லடம் பக்கம் கூலிக்குத் தறி ஓட்டும் வீடுகள் இருக்கின்றன. பொள்ளாச்சியில் தேங்காய்க் கணக்கு, ஈரோட்டில் மஞ்சள் கணக்கு. பல இடங்களில் இன்னமும் எல்லாம் நோட்டில்தான் ஓடுகிறது.

பவர்டேபிளையே எடுத்துக்கொள்ளலாம். ஓவர்லாக் டைலருக்கு ஒரு ரேட், பேட்லாக் டைலருக்கு ஒரு ரேட். யார் எத்தனை பீஸ் தைத்தார், அட்வான்ஸ் எவ்வளவு வாங்கினார், சனிக்கிழமை கையில் எவ்வளவு கொடுக்க வேண்டும்? இதற்கு ஒரு வெப்பேஜ் செய்தால் அதிலேயே பாதி இன்டர்வியூ சிலபஸ் வந்துவிடும்.

முதல் நாளே ஒரு அடி விழும். காலையில் 100 பீஸ், மாலையில் 50 பீஸ் என்று ஃபார்மில் போட்டுக் கூட்டினால் 10050 என்று காட்டும். டைலர் சந்தோஷப்படுவார், மாமா மாட்டார். ஃபார்ம் இன்புட்டில் டைப் செய்த எதையும் ஜாவாஸ்கிரிப்ட் எழுத்தாகவே வாங்கிக்கொள்கிறது. பிளஸ் குறி எழுத்துகளை ஒட்டவைத்துவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால், அதே 100-லிருந்து 50-ஐக் கழித்தால் சரியாக 50 வரும். மைனஸ் குறிக்கு ஒட்டவைக்கத் தெரியாது, அதனால் எழுத்தை எண்ணாக மாற்றிக்கொள்கிறது. "கூட்டல் தப்பா வருது, கழித்தல் மட்டும் எப்படிச் சரியா வருது?" என்று கேட்டால், இந்த அடியை வாங்கியவர் ஒரு நொடியில் சொல்லிவிடுவார். இரண்டு சமக்குறிக்கும் மூன்று சமக்குறிக்கும் என்ன வித்தியாசம் என்ற புகழ்பெற்ற கேள்வியும் இந்த விஷயத்தின் தம்பிதான்.

அடுத்தது காசு. பிரவுசரின் கன்சோலைத் திறந்து 1.1 + 2.2 என்று போட்டுப் பாருங்கள். 3.3 வராது; 3.3000000000000003 என்று வரும். ஜாவாஸ்கிரிப்டை மட்டும் திட்ட வேண்டியதில்லை. கம்ப்யூட்டர் எண்களை இரண்டின் அடுக்குகளாக வைத்துக்கொள்வதால், 1.1 மாதிரியான தசமங்கள் உள்ளே துல்லியமாக அடங்குவதில்லை. பீஸ் ரேட் பைசாவில் ஓடும் ஊரில் இது சின்ன விஷயமில்லை. தீர்வு எளிது: கணக்கு முழுவதையும் பைசாவாக, முழு எண்ணில் வைத்துக்கொள்வது. 110 + 220 = 330. திரையில் காட்டும்போது மட்டும் ரூபாயாக மாற்றினால் போதும். "பணத்தை எப்படி ஸ்டோர் பண்ணியிருக்கீங்க?" என்ற கேள்விக்கு ஒரு ஃப்ரெஷர் இந்தப் பதிலைச் சொன்னால், எதிரே இருப்பவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்.

ரேட் மாறினால் என்ன ஆகும்? போன வாரம் தைத்ததற்குப் பழைய ரேட், இந்த வாரத்துக்குப் புது ரேட். டைலர் பெயருக்குப் பக்கத்தில் ரேட்டை எழுதிவைத்திருந்தால், மாற்றிய அன்றே பழைய கணக்கெல்லாம் குழம்பிவிடும். அப்போதுதான் டேட்டாபேஸில் ரேட்டுக்குத் தனி டேபிள், தேதி, ஜாயின் எல்லாம் எதற்கு என்று புரியும். புத்தகத்தில் இதைப் பத்து முறை படித்தாலும் இப்படி உறைக்காது.

பிறகு லாகின். மாமா எல்லாவற்றையும் பார்க்கலாம், டைலர் தன் கணக்கை மட்டும் பார்க்கலாம். 401, 403 வித்தியாசம் இங்கே தானாக வந்துவிடும். மில் கேட்டில் நிற்பதாக வைத்துக்கொண்டால், "நீங்க யாருங்க?" என்று வாட்ச்மேன் கேட்பது 401. "உங்களைத் தெரியுமுங்க, ஆனா ஆபீஸுக்குள்ள விட முடியாதுங்க" என்பது 403.

ரியாக்ட்டா, ஆங்குலரா என்ற சண்டை இதற்கெல்லாம் பிறகுதான். ஒன்றை ஓரளவு தெரிந்திருந்தால் போதும். ஆனால் கிட்ஹப்பில் கமிட்டுகள் நாள்வாரியாக இருப்பது நல்லது. மொத்த ப்ராஜெக்டும் ஒரே கமிட்டில் ராத்திரி 11 மணிக்கு ஏறியிருந்தால், அது என்ன சொல்கிறது என்று பார்ப்பவருக்குப் புரிந்துவிடும்.

இங்கிலீஷ் வரலைங்க சார்...

தமிழ் மீடியத்தில் படித்தவர்களின் பெரிய பயம் இதுதான். பயத்துக்குக் காரணமில்லை என்று சொல்லிவிட முடியாது. வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் பேச வேண்டிய வேலை என்றால் இங்கிலீஷ் கட்டாயம் பார்ப்பார்கள். ஆனால் "டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்"புக்கு மனப்பாடம் செய்த இரண்டு நிமிட உரை அதற்கு மருந்தல்ல. அடுத்த கேள்வியிலேயே சாயம் வெளுத்துவிடும். மாறாக, சொந்த ப்ராஜெக்டை மூன்று நிமிடம் எளிய இங்கிலீஷில் போனில் ரெக்கார்ட் செய்து, தானே கேட்டுப் பார்க்கலாம். முதல் ரெக்கார்டிங்கைக் கேட்கவே முடியாது. பத்தாவது பரவாயில்லாமல் இருக்கும். தெரியாத கேள்விக்கு "தெரியலைங்க, ஆனா இப்படி இருக்கலாம்னு நினைக்கிறேன்" என்று யோசிப்பதைச் சத்தமாகச் சொல்வது, கதை விடுவதைவிட எவ்வளவோ மேல்.

ஆஃபர் வந்தாச்சு, கையெழுத்து?

வேலை கிடைத்த சந்தோஷத்தில் பலரும் படிக்காமலே விடும் காகிதம் பாண்டு. இரண்டு வருடம், மூன்று வருடம் இருக்க வேண்டும். நடுவில் போனால் பணம் கட்ட வேண்டும் என்று இருக்கும். "அதெல்லாம் கோர்ட்ல நிக்காது" என்று சீனியர்கள் சொல்வதை நம்பிவிட வேண்டாம். விஜயா வங்கி வழக்கில் 2025 மே 14 அன்று உச்ச நீதிமன்றம், மூன்று ஆண்டுகளுக்கு முன் விலகினால் 2 லட்சம் ரூபாய் என்ற நிபந்தனை செல்லும் என்று தீர்ப்பளித்தது. அது பொதுத்துறை வங்கி. ஆள் எடுக்க ஆகும் செலவை நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது. அதற்காக எந்தக் கம்பெனியும் எந்தத் தொகையையும் எழுதிக்கொள்ளலாம் என்று அர்த்தமில்லை. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு, எழுதிய தொகையை உச்சவரம்பாக வைத்து, அதற்குள் நியாயமான இழப்பீட்டைத்தான் அனுமதிக்கிறது.

ஆளை நிறுத்திவைக்க இன்னொரு வழியும் இதே ஊரில் நடந்திருக்கிறது. கோவையிலும் லண்டனிலும் இயங்கும், 2011-இல் சரவண குமார் தொடங்கிய கோவை.கோ நிறுவனம், மூன்று ஆண்டுகள் கூடவே இருந்தால் ஆறு மாதச் சம்பளம் போனஸ் என்று 2022-இல் அறிவித்தது. 2025 தொடக்கத்தில், 140 பேருக்கு 14 கோடி ரூபாய்க்கு மேல் போனஸ் தருவதாகச் செய்தி வந்தபோது நாடே திரும்பிப் பார்த்தது. ஒரு பக்கம் போனால் அபராதம், இன்னொரு பக்கம் இருந்தால் போனஸ். ஆஃபர் லெட்டரைப் படிக்கும்போது இரண்டில் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று தெரிந்துகொள்வது நல்லது.

இன்னொரு வகையும் உண்டு. "ட்ரெய்னிங்குக்கு 50 ஆயிரம் கட்டுங்க, வேலை கன்ஃபார்ம்" என்பவர்கள். பயிற்சிக்கு ஃபீஸ் கட்டுவது வேறு, வேலைக்குப் பணம் கட்டுவது வேறு. இரண்டையும் ஒரே ரசீதில் போடுகிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடலாம்.

பாண்டு காகிதத்தைச் சேரும் நாளன்று நீட்டினால் படிக்க நேரம் இருக்காது. ஆஃபர் மெயில் வந்த அன்றே, "அக்ரிமென்ட் காப்பி முன்கூட்டியே அனுப்ப முடியுமா?" என்று பணிவாக ஒரு பதில் போடலாம். ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டைக் காட்டிவிட்டுத் திரும்ப எடுத்துக்கொண்டு, ஜெராக்ஸ் மட்டும் கொடுத்தால் போதுமா என்பதையும் அதே மெயிலில் கேட்டுவிடலாம்.