காதால் படிக்கும் குமாஸ்தா: லோஹேகாவ் தமிழரின் பேசும் கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்துத்தான் வேலை செய்ய வேண்டுமா?

"காது இருந்தால் போதும்" என்கிறார், புனே லோஹேகாவில் குடியிருக்கும் தமிழர் ஒருவர். திருநெல்வேலிச் சீமைக்காரர். பாங்கி ஒன்றில் குமாஸ்தா. இரண்டு கண்களிலும் பார்வை கிடையாது. தன் பெயரையும் பாங்கியின் பெயரையும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். எனவே அக்கம்பக்கத்துத் தமிழர்கள் அழைப்பது போலவே நாமும் அவரை 'அண்ணாச்சி' என்றே குறிப்பிடுவோம்.

லோஹேகாவ் என்றால் விமானச் சத்தம். விமானப்படையின் தளமும் அங்கேதான். புனேயின் பயணிகள் விமான நிலையமும் அங்கேதான். ஜன்னல் கண்ணாடி அதிரும். அந்த இரைச்சலிலும் அண்ணாச்சி ஒரு காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் பேசுவதைக் கேட்கிறார். மறு காது வீட்டில் உள்ளவர்களுக்கு!

அந்த ஹெட்போனை நாம் வாங்கி மாட்டிப் பார்த்தோம். "கடகட"வென்று தட்டச்சு மிஷின் ஓடுவது போல ஒரு சத்தம். ஒரு வார்த்தை புரியவில்லை. "இது ஆங்கிலம்தான் தம்பி. பழகப் பழகக் காது பிடித்துக்கொள்ளும்" என்று சிரித்தார் அண்ணாச்சி.

பேசுவது யார்?

திரையில் உள்ள எழுத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டும் புரோகிராமுக்கு 'ஸ்கிரீன் ரீடர்' என்று பெயர். தமிழில் 'திரை படிப்பான்' என்கிறார்கள். இதற்கு மவுஸ் வேண்டாம். டேப் சாவியையும் அம்புக்குறிச் சாவிகளையும் தட்டத் தட்ட, எங்கே நிற்கிறோம், என்ன எழுதியிருக்கிறது என்பதைச் சொல்லிக்கொண்டே வரும். நாம் தட்டும் எழுத்தையும் சொல்லும். ரகசியச் சொல்லைத் தட்டும்போது மட்டும் எழுத்தைச் சொல்லாது. "ஸ்டார், ஸ்டார்" என்று சொல்லி மறைத்துவிடும்.

இதில் பெயர் பெற்றது 'ஜாஸ்'. அமெரிக்காவில் மோட்டார் சைக்கிள் பந்தய வீரராக இருந்த டெட் ஹென்டர், 1978-ல் கார் விபத்தில் பார்வை இழந்தார். பிறகு கம்ப்யூட்டர் படித்து, 1989-ல் ஜாஸைக் கொண்டுவந்தார். அது விலை கொடுத்து வாங்க வேண்டியது.

விலை இல்லாமல் கிடைப்பது 'என்.வி.டி.ஏ.' ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கர்ரன் 2006-ல் இதைத் தொடங்கினார். அவரும் பார்வை இல்லாதவர். கூட வந்து சேர்ந்த ஜேம்ஸ் டே என்பவரும் அப்படியே. யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் எடுத்துக்கொள்ளலாம். அண்ணாச்சி பயன்படுத்துவதும் இதைத்தான்.

புனே தந்த ராமன்

பேசும் கம்ப்யூட்டர் என்றால் புனேக்காரர்கள் பெருமையோடு சொல்ல வேண்டிய பெயர் ஒன்று உண்டு. டி.வி.ராமன். திருவில்வாமலை வெங்கட்ராமன் ராமன் என்பது முழுப்பெயர். 1965-ல் பிறந்து புனேயில் வளர்ந்தவர். 'கிளாக்கோமா' என்ற கண் நோயால் 14 வயதில் பார்வை முழுவதும் போய்விட்டது.

மற்றவர்கள் பாடத்தைப் படித்துக்காட்ட, அதைக் கேட்டே புனே நவ்ரோஜி வாடியா கல்லூரியில் கணிதம் படித்துத் தேறினார். பம்பாய் ஐ.ஐ.டி.யில் மேல்படிப்பு. பிறகு அமெரிக்காவில் கார்னல் பல்கலைக்கழகம். 1994-ல் அங்கே டாக்டர் பட்டம் வாங்கினார். கணிதச் சூத்திரங்களைக் காதுக்குப் புரியும்படி கம்ப்யூட்டர் படித்துக்காட்டுவது எப்படி என்பதே அவருடைய ஆராய்ச்சி. அந்தப் புரோகிராமுக்கு 'ஆஸ்டர்' என்று பெயர் வைத்தார். ஆஸ்டர் என்பது அவருக்கு வழிகாட்டிய கறுப்பு லாப்ரடார் நாயின் பெயர்!

1995-ல் 'எமாக்ஸ்பீக்' என்ற பேசும் புரோகிராமை வெளியிட்டார். திரையில் இருப்பதை அப்படியே ஒப்பிப்பது போதாது என்பது ராமனின் கட்சி. காலண்டரைத் திறந்தால் வரிசையாக எண்களை வாசிப்பதால் என்ன பயன்? என்ன கிழமை, என்ன தேதி என்று சொன்னால்தானே மனிதனுக்கு உபயோகம்? 2005-ல் கூகுள் கம்பெனியில் சேர்ந்தார்.

அண்ணாச்சிக்கு ராமன் கதையைச் சொல்ல வேண்டியதில்லை. நமக்கே அவர்தான் சொன்னார்.

காலையில் வந்த தலைவலி

இனி அண்ணாச்சியின் கதை.

அவர் மேஜையில் உள்ள கம்ப்யூட்டர் அவர் ஒருவருக்கு மட்டும் உரியது அல்ல. அவர் லீவு போட்ட நாளில் வேறொருவர் அதில் உட்காருவார். விண்டோசுக்குள் நுழைய எல்லோருக்கும் ஒரே பெயர், ஒரே ரகசியச் சொல். வந்து உட்கார்ந்தவருக்குப் பேச்சு சத்தம் தொல்லையாக இருக்கும். ஒலியைக் குறைப்பார். வேகத்தைக் குறைப்பார். எதையோ தட்டப்போய்ப் பேச்சே நின்றுவிடும். மாலையில் அப்படியே அணைத்துவிட்டுப் போய்விடுவார்.

மறுநாள் காலை கவுண்டர் திறக்கிறது. எதிரே வரிசை. அண்ணாச்சி சாவியைத் தட்டுகிறார். கம்ப்யூட்டர் ஆமை வேகத்தில் இழுத்து இழுத்துப் பேசுகிறது. சில நாள் பேசுவதே இல்லை. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சரி செய்ய அவருக்குக் கால் மணி நேரம் ஆகும். அதுவரை வரிசை நிற்குமா?

ஒருநாள் ஒருவர் மேனேஜரிடம் போய், "கண் தெரியாதவரை ஏன் கவுண்டரில் உட்கார வைத்தீர்கள்?" என்று சத்தம் போட்டார். அது அண்ணாச்சி காதில் விழாமல் இருக்குமா? அவருக்குத்தான் காது கூர்மை ஆயிற்றே!

அதன் பிறகு ஆபீசில் ஒரு பேச்சு கிளம்பியது. 'பேசாமல் டெலிபோன் பக்கம் மாற்றிவிடலாம்.' அந்தக் காலத்தில் பார்வை இல்லாதவர் என்றால் டெலிபோன் போர்டு என்று முடிவு கட்டி வைத்திருந்தார்கள். பரீட்சை எழுதிக் குமாஸ்தா ஆனவரை மறுபடி அங்கே அனுப்பினால் மனசு என்ன பாடுபடும்? இரண்டு வாரம் சரியாகத் தூங்கவில்லை என்றார்.

மூன்று சாவிகள்

வழி காட்டியவர் பார்வை இல்லாத இன்னொரு பாங்கி ஊழியர். டெலிபோனிலேயே சொல்லிக்கொடுத்தார். விஷயம் இதுதான்.

என்.வி.டி.ஏ.யில் நாம் செய்யும் மாற்றங்கள் முதலில் நினைவில் மட்டும்தான் நிற்கும். புரோகிராமை முறையாக மூடும்போதுதான் அவை தானாகப் பதிவாகும். நடுவில் கரண்ட் போய்விட்டால் பதிவாகாது, மாற்றியது வீண். இன்னொரு பக்கம், அடுத்தவர் குறைத்துவிட்டுப் போன வேகமும், அவர் முறையாக மூடிவிட்டால், தானாகப் பதிவாகிவிடும்! அண்ணாச்சிக்கு நடந்தது இதுதான்.

பரிகாரம் என்ன? முதலில் வேகம், குரல், ஒலி எல்லாவற்றையும் தன் இஷ்டப்படி வைத்துக்கொள்ள வேண்டும். இன்சர்ட், கண்ட்ரோல் இரண்டையும் அழுத்திக்கொண்டு இடது, வலது அம்புக்குறியைத் தட்டினால் வேகம், ஒலி, குரல் என்று ஒவ்வொன்றாக வரும். மேல், கீழ் அம்புக்குறியால் கூட்டலாம், குறைக்கலாம். பிறகு இன்சர்ட், கண்ட்ரோல், 'சி' மூன்றையும் சேர்த்துத் தட்ட வேண்டும். பதிவாகிவிட்டது என்று கம்ப்யூட்டரே சொல்லும்.

அடுத்து, இன்சர்ட்டோடு 'என்' தட்டினால் மெனு வரும். அதில் பொது அமைப்புகள் என்ற பகுதியில், 'மூடும்போது தானாகச் சேமி' என்ற பொருளில் ஒரு கட்டம் டிக் செய்யப்பட்டிருக்கும். அந்த டிக்கை எடுத்துவிட்டு, மறுபடி ஒருமுறை 'சி' தட்டிப் பதிவு செய்துவிட வேண்டும். அதன் பிறகு யார் வந்து எதைத் திருகினாலும் அது அன்றைக்கு மட்டும்தான். மறுநாள் கம்ப்யூட்டர் அண்ணாச்சியின் வேகத்திலேயே பேசும்.

நடுப்பகலில் யாராவது கலைத்துவிட்டால்? இன்சர்ட், கண்ட்ரோல், 'ஆர்'. கடைசியாகச் சேமித்த நிலைக்குத் திரும்பிவிடும். இங்கே ஒரு எச்சரிக்கை. ஒரு முறைதான் தட்ட வேண்டும். பதற்றத்தில் மூன்று முறை தட்டினால், புரோகிராம் புதிதாக வந்தபோது இருந்த நிலைக்கே போய்விடும். அண்ணாச்சி ஒருமுறை அப்படித் தட்டிவிட்டு, சாயங்காலம் வரை வேர்த்து விறுவிறுத்துப் போனாராம்.

பேச்சே வராவிட்டால் உடனே மெக்கானிக்கைத் தேட வேண்டாம். இன்சர்ட்டோடு 'எஸ்' தட்டிப் பாருங்கள். பேச்சை நிறுத்துவதும் திரும்பக் கொண்டுவருவதும் அந்தச் சாவிதான். முக்கால்வாசி நேரம் யாரோ கை தவறி அதைத் தட்டியிருப்பார்கள்.

லாப்டாப்பில் இன்சர்ட் சாவி வசதியாக இருக்காது. அங்கே கேப்ஸ் லாக் சாவியை அதற்குப் பதிலாக வைத்துக்கொள்ள ஏற்பாடு உண்டு. சில சாவிச் சேர்க்கைகளும் அங்கே மாறும்.

வள்ளுவர் குரல்

ஊர்ப் பத்திரிகை படிக்க அண்ணாச்சிக்குத் தமிழ்க் குரல் வேண்டும். பாங்கிக் கணக்குக்கு ஆங்கிலக் குரல் வேண்டும். ஆங்கிலக் குரலைத் தமிழ் படிக்கச் சொன்னால் உளறும்.

'ஈஸ்பீக்' என்ற குரல் என்.வி.டி.ஏ.யோடு கூடவே வருகிறது. அதில் தமிழும் உண்டு, மராத்தியும் உண்டு. இயந்திரம் பேசுவது போலத்தான் இருக்கும். ஆனால் எவ்வளவு வேகம் வைத்தாலும் எழுத்து சிதையாது. கேட்க இதமான தமிழ்க் குரல் வேண்டும் என்றால், விண்டோசிலேயே மைக்ரோசாப்ட் கம்பெனியின் ஆண் குரல் ஒன்று கிடைக்கிறது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'வள்ளுவர்'! எங்கோ அமெரிக்காவில் உட்கார்ந்து பெயர் வைத்தவர்களுக்கு நல்ல ரசனைதான்.

ஒவ்வொரு முறையும் குரலை மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். இன்சர்ட், கண்ட்ரோல், 'பி' தட்டினால் வேலைக்கு ஒரு 'புரொபைல்' தயார் செய்துகொள்ளலாம். பத்திரிகை படிக்கும் புரோகிராமைத் திறந்தால் வள்ளுவர் குரல்; கணக்குப் புரோகிராமுக்கு வந்தால் வேகமான ஆங்கிலக் குரல். தானாகவே மாறிக்கொள்ளும். ஒரு புரொபைல் நடப்பில் இருக்கும்போது குரலை மாற்றினால் அந்த மாற்றம் அந்தப் புரொபைலுக்குள்தான் போய் உட்காரும். "மாற்றினேனே, எங்கே போயிற்று?" என்று பலர் தேடுவது இதனால்தான்.

நிறுத்தக்குறிகள் இன்னொரு தொல்லை. எல்லாக் குறிகளையும் படிக்கச் சொன்னால் ஒரு கடிதம் படிப்பதற்குள் தலை சுற்றும். குறைத்து வைத்தால், மின்னஞ்சல் முகவரியில் வரும் அடிக்கோடு காதில் விழாது. கடிதம் வேறு யாருக்கோ போய்விடும். இன்சர்ட்டோடு 'பி' தட்டி இதைக் கூட்டிக் குறைக்கலாம். அண்ணாச்சி வீட்டில் ஒரு அளவு, ஆபீசில் ஒரு அளவு வைத்திருக்கிறார்.

வீட்டில் சரி செய்த எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்தும் வைத்திருக்கிறார். எந்தக் கம்ப்யூட்டரில் செருகினாலும் அவருடைய குரல், அவருடைய வேகம். ஆனால் பல ஆபீஸ்களில் பென் டிரைவைச் செருகவே அனுமதி கிடையாது. அப்படிப்பட்ட இடத்தில் சரியான வழி, விண்டோசில் தனி நுழைவுப் பெயர் கேட்டு வாங்குவதுதான். ஒவ்வொரு பெயருக்கும் அமைப்புகள் தனித்தனியாகச் சேமிக்கப்படும். ரகசியச் சொல் கேட்கும் முதல் திரையிலும் தன் குரலே பேச வேண்டும் என்றால், பொது அமைப்புகளில் அதற்கும் ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்த நிர்வாகி உரிமை வேண்டும். கம்ப்யூட்டர் பிரிவுக்காரர் ஒருமுறை வந்து போனால் போதும்.

கேட்டால் கிடைக்கும்

அண்ணாச்சி தயங்கித் தயங்கி எழுத்து மூலம் மனுக் கொடுத்தார். சலுகை கேட்பதாக நினைப்பார்களோ என்று கூச்சம். இதில் கூச்சம் எதற்கு? 2016-ம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு வேலைகளில் 4 சதவீதம் ஒதுக்குகிறது. அதில் 1 சதவீதம் பார்வை இல்லாதவர்களுக்கும் பார்வை குறைந்தவர்களுக்கும் உரியது. வேலை கொடுத்தால் போதாது, வேலை செய்வதற்கு நியாயமான வசதியும் செய்து தர வேண்டும் என்று அதே சட்டம் அரசு நிறுவனங்களுக்குக் கட்டளை இடுகிறது. கம்ப்யூட்டர், செல்போன் வழிச் சேவைகள் பார்வை இல்லாதவர்களுக்கும் எட்ட வேண்டும்; அது வாழும் உரிமையில் அடங்கும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2025 ஏப்ரல் 30-ந்தேதி தீர்ப்புக் கூறியிருக்கிறது.

மனுவுக்குப் பலன் கிடைத்தது. தனி நுழைவுப் பெயர் வந்துவிட்டது. டெலிபோன் பக்கம் மாற்றும் பேச்சும் அடங்கிவிட்டது.

பக்கத்திலேயே உதவி

புனேயில் பார்வை இல்லாதவர்களுக்கு உதவும் அமைப்புகளுக்குப் பஞ்சம் இல்லை. பூனா பிளைண்ட் மென்ஸ் அசோசியேஷன் 1952-ல் தொடங்கப்பட்டது. விமான நிலையப் பகுதியை ஒட்டிய வித்யாநகரில் 'நிவாந்த்' இருக்கிறது. மீரா பட்வே என்ற அம்மையார் 1996-ல் தொடங்கியது. பார்வை இல்லாத மாணவர்கள் கல்லூரிப் படிப்புப் படிக்க உதவுகிறார்கள்; பிரெய்ல் புத்தகம் தயாரிக்கிறார்கள்; சாக்லெட்டும் செய்கிறார்கள். மராத்தியில் 'நிவாந்த்' என்றால் ஆற அமர என்று பொருள்.

ஊரில் இருக்கும் பெற்றோருக்குப் பார்வை மங்கி வருகிறதா? என்.வி.டி.ஏ.யை இறக்கிக்கொள்ளும் வரை காத்திருக்க வேண்டாம். விண்டோஸ் கம்ப்யூட்டரில் கண்ட்ரோல், விண்டோஸ் சாவி, என்டர் மூன்றையும் சேர்த்துத் தட்டினால் அதிலேயே உள்ள 'நரேட்டர்' பேசத் தொடங்கும். ஆண்ட்ராய்டு செல்போனில் 'டாக்பேக்' என்று இருக்கிறது. தமிழிலேயே பேசும். ஆனால் அதைப் போட்டதும் போன் வேறு மாதிரி நடந்துகொள்ளும். ஒருமுறை தொட்டால் பெயரைச் சொல்லும். இரண்டு முறை தட்டினால்தான் திறக்கும். இதைச் சொல்லிக்கொடுக்காமல் போட்டுவிட்டு ரயில் ஏறிவிடாதீர்கள். லீவில் ஊருக்குப் போகும்போது நாலு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பழக்கிவிட்டு வாருங்கள்.