ஓர் ஆட்டமும் நடைபெறாத ஐஸ் ஹாக்கி பருவம்: 2004-05-இல் நடந்தது என்ன?

வட அமெரிக்காவின் என்ஹெச்எல் ஐஸ் ஹாக்கி லீக்கில் 2004-05 பருவம் முழுவதும் ஓர் ஆட்டம்கூட நடைபெறவில்லை. வீரர்கள் சங்கத்துடனான ஒப்பந்தம் காலாவதியானதையடுத்து, 2004 செப்டம்பர் 16-ஆம் தேதி அணி உரிமையாளர்கள் கதவடைப்பு செய்தனர். இது வீரர்களின் வேலைநிறுத்தம் அல்ல.

ஒவ்வோர் அணியின் மொத்த ஊதியச் செலவுக்கும் உச்சவரம்பு வேண்டும் என்பதே உரிமையாளர்களின் கோரிக்கை. ஊதியத்தில் 24 சதவீதத்தை விட்டுத்தர டிசம்பரில் முன்வந்த சங்கம், உச்சவரம்பை மட்டும் ஏற்கவில்லை. பிப்ரவரியில் அதற்கும் இசைந்தது. ஆனால், லீக் கூறிய தொகை 4.25 கோடி டாலர். சங்கம் கேட்டதோ 4.9 கோடி டாலர். பிப்ரவரி 16-ஆம் தேதி பருவம் ரத்து செய்யப்படுவதாக லீக் ஆணையர் கேரி பெட்மேன் அறிவித்தார்.

வீரர்கள் பலர் ஐரோப்பிய அணிகளுக்குச் சென்று விளையாடினர். அரங்க ஊழியர்களுக்கு அந்த வழியும் இல்லை.

ஜூலையில் உடன்பாடு ஏற்பட்டது. வருவாயுடன் இணைக்கப்பட்ட உச்சவரம்பு முதல் ஆண்டில் 3.9 கோடி டாலர். அதாவது, பிப்ரவரியில் சங்கம் மறுத்ததைவிடக் குறைவு. 24 சதவீத ஊதியக் குறைப்பும் அப்படியே நடைமுறைக்கு வந்தது.

வெற்றியாளர் பெயர் பொறிக்கப்படும் ஸ்டான்லி கோப்பையில், அந்த ஆண்டுக்குரிய இடத்தில் பருவம் நடைபெறவில்லை என்றே பொறிக்கப்பட்டுள்ளது.